சுவரைத் தேய்த்த நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கூப்பிடு.

கூடத்துச் சுவருக்குக் கரும்பலகை பெயின்ட் அடித்த படத்தைப் பார்த்துவிட்டு, "அசத்திட்டடா" என்று எழுதியிருந்தாய். நீ வெளியூர் வேலைக்குப் போன நாளிலிருந்து உன் மகள் கதவு, அலமாரி என்று பாக்கி வைக்காமல் கிறுக்கினாள். ஒரு சுவரையே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை. தப்பு அதற்கு முந்தின நாள் நடந்தது.

அந்தப் பெயின்ட் வழவழப்பான சுவரில்தான் பிடிக்கும். நம் சுவரில் நமக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அடித்த பூச்சு நாலு அடுக்கு. உப்புத்தாளை மெஷினில் மாட்டி ஒரே மூச்சில் தேய்த்தேன். அடுப்படி வரைக்கும் தூசி வருகிறது, தண்ணீர் தெளித்துத் தேய் என்றாள் அம்மா. "உனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா" என்றேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், சோதிக்காமல் தேய்க்காதே என்று பெயின்ட் கம்பெனியில் புது ஆட்களுக்கு வகுப்பெடுப்பவன் நான்.

உன் குட்டி அந்தத் தூசியில் விரலால் வீடு வரைந்தாள். சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். அவள் சூப்புகிற விரல் அது.

மூன்று வாரமாகச் சாப்பாட்டைத் தள்ளுகிறாள். வயிற்றுவலி. முதலில் பார்த்த டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார். பத்து வரை எண்ணியவள் இப்போது ஆறில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். சாக்பீஸை நீட்டினால், "வேணாம் மாமா, நீயே எழுது" என்கிறாள்.

கதவிடுக்கில் மிச்சமிருந்த பழைய பூச்சைச் சுரண்டி, ஈயம் எவ்வளவு என்று ஆபீஸ் லேபில் யாருக்கும் தெரியாமல் சோதித்தேன். நம்பாமல் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே எண். அதை இங்கே எழுத மாட்டேன்.

அன்றே வீட்டைப் பூட்டிவிட்டோம். என் நண்பன் வீட்டு மாடியில் இருக்கிறோம். நேற்று பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். குட்டி அழக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது என்றார் டாக்டர். சீக்கிரம் என்றால் எத்தனை நாள் என்று கேட்டேன். சுவரைத் தேய்த்து எத்தனை நாள் ஆகிறது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வியாழக்கிழமை ரிப்போர்ட். லீவு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, கிளம்பு. அம்மாவை ஒன்றும் சொல்லாதே. என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் வந்து திட்டு அக்கா.

உன் தம்பி