சைவ வீட்டில் கொழுப்பு மாத்திரை

பேட்டை,
14.9.1997

அன்புள்ள அண்ணனுக்கு, கோமு எழுதுவது.

அப்பாவைப் புதன்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். குடலிறக்க ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலும் ஆறிவருகிறது. இத்தோடு நலம் என்று முடித்துவிடலாம் என்றால், கை வரவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வலி இல்லை. டாக்டர் ஜெனிஸ்டன் ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தமும் சோதித்துவிட்டு, இதயத்தில் காயம் ஏற்பட்டிருக்கிறது என்றார். கத்தி பட்ட காயம் இல்லையாம். ஆபரேஷன் சமயத்தில் இதயத்துக்கு ரத்தம் போதாமல் உள்ளே விழுந்த காயமாம். மற்ற மாத்திரைகளோடு கொழுப்பு மாத்திரை ஒன்றும் எழுதியிருக்கிறார். தினமும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. நிறுத்தவே கூடாதாம்.

அப்பா என்னைப் பிய்த்துத் தின்கிறார். "கீழ அறுத்ததுக்கு மேல எதுக்குட்டி மாத்திர?" என்கிறார். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார்.

உங்கள் தங்கை,
கோமு

*

புனே,
25.9.1997

அன்புத் தங்கை கோமுவுக்கு,

அம்மா போனபின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு நீ வீட்டைப் பார்ப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாக வேலை செய்கிறேன்.

அந்த மாத்திரையைப் பற்றி எங்கள் கம்பெனி நண்பன் ஒருவனிடம் கேட்டேன். கறி தின்று கொழுப்பு ஏறியவர்களுக்கு உள்ளது என்றான். நம் வீட்டில் முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. அப்பாவுக்குக் கொழுப்பு எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் எழுதுவதை அவருக்கும் எழுதிவிட்டார் போலிருக்கிறது. அதை மட்டும் நிறுத்திவிடலாம். நீ வீணாகப் பயப்படாதே.

அன்புடன்,
சிவகணேஷ்

*

பேட்டை,
6.10.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, உங்கள் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். முதலில் மனசுக்குள் படித்துப் பார்த்திருக்க வேண்டும். வழக்கம்போல உறையைக் கிழித்த கையோடு சத்தமாக வாசித்துவிட்டேன். பாதியில் நிறுத்தினால், "மேல வாசி, மேல வாசி" என்கிறார். அன்றிலிருந்து மாத்திரையைத் தொடுவதில்லை.

"இஞ்சினீயரே சொல்லிட்டான், ஒனக்கென்னட்டி? நம்ம சைவக் கொடலு. அந்த டாக்டரு தூத்துக்குடிக்காரரு, சீலா மீன் திங்கிற ஆளு. அவருக்கு எல்லாரும் அப்பிடித்தான் தெரியும்" என்று சிரிக்கிறார். நெய் ஊற்றாமல் ஒரு கவளம் பருப்புச் சோறு அவருக்கு இறங்காது. அதை யார் கேட்பது?

நேற்று நான் தனியாக டாக்டரிடம் போனேன். உங்களுக்கே தெரியும், கடைக்காரரிடம் உப்பு கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டு பேரை முன்னால் போகவிட்டு, கடைசியில்தான் உள்ளே நுழைந்தேன். அவர் திட்டவில்லை.

"ஒங்க அப்பா சைவம்னு எனக்குத் தெரியும்மா. கொழுப்பு வாய் வழியா மட்டும் வரல, ஈரலே செஞ்சுக்கிடும். ரத்தத்துல அது எம்புட்டு இருக்குங்கிறதுக்காக மட்டும் நான் இதைக் கொடுக்கல. காயம் பட்ட நெஞ்சு அவருக்கு. இப்பிடிப்பட்டவங்கள்ல இந்த மாத்திரையச் சாப்பிடுதவங்க கூடுதல் நாள் இருக்காங்க. எல்லாருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எங்க அப்பாவா இருந்தா நிறுத்த விடமாட்டேன்" என்றார்.

வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். "எட்டாங் கிளாஸ் டாக்டரம்மா வந்துட்டா" என்றார், அவ்வளவுதான்.

அண்ணே, நான் உங்களைக் குறை சொல்லவில்லை. மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்று அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

கோமு

*

புனே,
17.10.1997

அன்புள்ள கோமுவுக்கு,

தொழிற்சாலையில் புது எந்திரம் வந்து இறங்கியிருக்கிறது. தீபாவளிக்கு லீவு இல்லை. உனக்குச் சுடிதார்த் துணி அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

அப்பா சமாசாரம். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதினால் என் பேச்சுக்கு என்ன மதிப்பு? வலி இல்லை, நன்றாக நடமாடுகிறார் என்கிறாய். பொங்கலுக்கு வரும்போது நானே டாக்டரைப் பார்த்துப் பேசுகிறேன். அதுவரை அவர் மனசை அலைக்கழிக்காதே.

சிவகணேஷ்

*

பேட்டை,
24.10.1997

அண்ணனுக்கு,

துணி கிடைத்தது.

அப்பா நடமாடுகிறார் என்று நான் எழுதவில்லை. முந்தாநாள் வாய்க்கால் வரை போனவர் திரும்பும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். அதை நீங்கள் கேட்கவும் இல்லை. பொங்கலுக்கு இன்னும் எண்பது நாளுக்கு மேல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை அடுப்படியில் வைத்து முதலில் நான் படித்தேன். பிறகு அப்பா முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். எந்திரம் வந்ததை வாசித்தேன். தீபாவளிக்கு வரமுடியாததை வாசித்தேன். அதற்கப்புறம், "அப்பா, மாத்திரையை நிறுத்தச் சொன்னது என் தப்பு. விசாரிக்காமல் எழுதிவிட்டேன். டாக்டர் சொன்னபடி தினமும் சாப்பிடுங்கள்" என்று வாசித்தேன். காகிதத்தைப் பார்த்தபடியேதான் வாசித்தேன்.

அப்பா காகிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "தப்புன்னு தானா ஒத்துக்கிடுதான் பாத்தியா? அதுதாம்ட்டி படிப்பு. எங்கன வச்ச அந்த மாத்திரைய? எடு" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று உங்களுக்குப் புரியாது. நான் வெயிலில் போய்க் கேட்டுவந்தது ஒன்றுமில்லை. நீங்கள் எழுதாத வரிக்கு இவ்வளவு மரியாதை. இருக்கட்டும். இன்றோடு நாலு நாளாக விழுங்குகிறார்.

பொங்கலுக்கு வரும்போது நினைவிருக்கட்டும், அந்த வரியை நீங்கள்தான் எழுதினீர்கள். இல்லை என்று சொல்ல நினைத்தால், அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மாத்திரை வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினாலும் நான்தான் வாசிப்பேன்.

கோமு