சாயா குடிச்சிட்டு வாங்க

சாயங்காலம் நாலு பத்துக்கு சேதி வந்துச்சு. நம்ம வீட்டுக்குக் கீழ குடோன்ல லாரியில இருந்து சுக்கு மூட்டை இறக்கிட்டிருந்தாங்க. மாடி பூரா சுக்கு வாசம். நீ குடோன் ஆபீஸ்ல இருந்து வேலை முடிஞ்சு வரும்போது உன் துப்பட்டாவுல வருமே, அதே வாசம். நான் ஜன்னல சாத்தப் போனேன், போன் அடிச்சுது. ஷாஜி சேட்டன். ஒரே ஆஸ்பத்திரி லேபுல பக்கத்து பக்கத்து மேசையில உக்காந்திருக்கோம். ஆனா நீ போன பிறகு அந்த மனுசன் எனக்கு போன் பண்ணினது இதுதான் முதல் தடவை.

"எடா, ரிப்போர்ட் வந்துச்சு," அப்படின்னார். "தசை இல்லடா. இன்னும் ஆழமா வெட்டிப் பாத்துருக்காங்க. அப்பவும் இல்ல."

நான் சரின்னு சொன்னேன்.

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். மலையாளம்னா சர்ருன்னு படிச்சிருவ. தென்காசியில இருந்து எங்க அம்மா அனுப்புற கல்யாணப் பத்திரிகையெல்லாம் நான்தான் உனக்கு வாசிச்சுக் காட்டணும். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன். எழுதி முடிச்சிட்டு நானே வாசிக்கிறேன்.

முதல்ல ரத்தம் போனப்ப உனக்கு வலியே இல்ல. "பீட்ரூட் தின்னதுதான்"னு சிரிச்ச. டாக்டரும் இன்ஃபெக்‌ஷன்னு மாத்திரை குடுத்தார். நின்னுச்சு. மறுபடி வந்துச்சு, மறுபடி மாத்திரை. உன் வயசுக்கு யாரும் வேற எதையும் நினைக்கல, நானும் நினைக்கல. ஸ்கேன்ல மூத்திரப்பைக்குள்ள ஒரு பூ மாதிரி வளந்திருக்கறது தெரிஞ்ச பிறகுதான், உள்ள குழாய் விட்டு சுரண்டி எடுத்தாங்க. அந்தத் துணுக்கெல்லாம் ஃபார்மலின் டப்பாவுல எங்க லேபுக்கே வந்துச்சு.

எங்க லேபுல ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்யிறவன் வீட்டு ஆளோட டப்பா வந்தா, அவன் கையில அதக் குடுக்க மாட்டாங்க. யாரும் காரணமெல்லாம் சொல்றதில்ல. யாராவது ஒருத்தர் டப்பாவ எடுத்துக்கிட்டு, "போய் சாயா குடிச்சிட்டு வா"ன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். அன்னைக்கு ஷாஜி சேட்டன் என் கைக்கு முன்னால கை நீட்டி எடுத்தார். "மோனே, நீ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வா." லேபிள்ல உன் பேரப் பாத்துக்கிட்டே நின்னேன். இன்னொரு தடவை சொன்னார். கேன்டீன்ல போய் உக்காந்தேன். சாயா ஆறி ஆடை கட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கிட்ட இதச் சொன்னப்ப நீ கண்ணத் தொடச்சுக்கிட்டே சிரிச்ச. "அப்ப இனி எல்லாருக்கும் சாயாதான், அல்லே?"

முதல் ரிப்போர்ட்ட எப்படி உனக்கு விளக்கறதுன்னு முழிச்சேன். பேப்பர எடுத்து சுவர் மாதிரி கோடு போட்டேன். உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல், அதுக்குக் கீழ ஒரு அடுக்கு, அதுக்கும் கீழ தசை, அதுக்கு வெளிய கொழுப்பு. இந்த நோய் எந்த அடுக்கு வரைக்கும் இறங்கியிருக்குங்கறதுதான் ஸ்டேஜு. தோலத் தாண்டி ரெண்டாவது அடுக்குல இருக்கு, அது தெரிஞ்சுபோச்சு. தசைக்குள்ள போகலேன்னா பையக் காப்பாத்தப் பாக்கலாம். போயிருந்தா பையவே எடுக்கணும். ஆனா சுரண்டின துணுக்குல தசையே வரல, அதனால இப்போதைக்கு சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்காங்கன்னேன்.

நீ அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே இருந்த. "குத்தூசி அடி வரைக்கும் போகல"ன்ன. "மிளகு மூட்டையில மேலாகக் குத்தி எடுத்துட்டு சரக்கு நல்லாருக்குன்னு சொன்னா எங்க முதலாளி விடுவாரோ? மறுபடி குத்தச் சொல்லுங்க."

டாக்டரும் அதத்தான் சொன்னார். சில வாரம் கழிச்சு மறுபடி சுரண்டினாங்க. மறுபடி டப்பா, மறுபடி எனக்கு சாயா. இந்தத் தடவை தசை வந்துச்சு. தசைக்குள்ள அதுவும் இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஊசி மருந்து, ஆபரேஷன், மூத்திரம் சேர வயித்து மேல ஒட்டின பை. பையோட முதல் தடவை வெளிய போனப்ப, "எல்லாப் பொம்பளைக்கும் பை தோள்ல, எனக்கு மட்டும் இங்க"ன்னு சொல்லிக்கிட்டே படகுத்துறையில படகு ஏறின. வெட்டி எடுத்தத முழுசாப் பாத்தப்ப கொழுப்பு வரைக்கும் போயிருந்துச்சு. நெறிக்கட்டிகள்லயும் இருந்துச்சு. ஒவ்வொரு தடவை டாக்டர் ரூமுக்கு வெளிய உக்காந்திருக்கும்போதும் நீ என் முழங்கைய இடிப்ப. "டெக்னீஷியன் சாரே, நீங்க போய் சாயா குடிச்சிட்டு வாங்க. நான் கேட்டுக்கறேன்." நான் போக மாட்டேன். உன் கூடதான் உள்ள வருவேன். ஆனா நீ சொல்லாம இருந்தா எனக்கு உள்ள போகவே கால் வராது.

எனக்கு அந்த முதல் துணுக்கு மேலதான் கண்ணு. நடுவுல போன வாரங்கள நினைச்சு நினைச்சு மண்டை காஞ்சுது. தசை வந்திருந்து, எங்க லேபுல யாராவது தவறவிட்டிருந்தா? அந்தத் துணுக்க மெழுகுல பதிச்சது ஷாஜி சேட்டன். நறுக்கினதும் அவர்தான். மெழுகுல சாய்வா வச்சுட்டா, கத்தி படாத பக்கத்துல தசை ஒளிஞ்சு கிடக்கும். அது எங்களுக்கு நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல உங்கிட்டயே இதச் சொன்னேன். உனக்கு அப்ப பேசவே மூச்சு வாங்கும்.

"சேட்டனையா சொல்றீங்க?"

"யாரையும் சொல்லல. செக் பண்ணலாம்னு."

"செக் பண்ணுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். யாரு தப்பும் இல்லேன்னு வந்தா, அப்புறம் என்ன செய்வீங்க?"

நான் உன் போர்வைய இழுத்து சரி பண்ணினேன். நீ விடல. "எனக்கப்புறம் அந்த ஆளு கூட உக்காந்துதான் நீங்க சோறு திங்கணும், கேட்டோ."

அந்தக் காலையில உனக்கு மூச்சு கொஞ்சம் சுகமா இருந்துச்சு. தலகாணிய சரி பண்ணச் சொன்ன. நர்ஸ் சேச்சிகிட்ட என்னவோ மலையாளத்துல சொல்லி அவங்களச் சிரிக்க வச்ச. அப்புறம் என்னப் பாத்து, "போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க"ன்ன. அன்னைக்கு டாக்டரும் வரல, ரிப்போர்ட்டும் வரல. அதனால நிசமாவே சாயாதான்னு நினைச்சுப் போயிட்டேன். பாதி குடிச்சிருப்பேன், சேச்சி படியிறங்கி ஓடி வந்தாங்க. நீ தெரிஞ்சுதான் அனுப்புனியா? இதக் கண்டுபிடிக்க எங்க லேபுல ஸ்லைடு கிடையாது.

அதுக்கப்புறம் நான் சாயா தொடல. சேட்டன் கூட சோறும் திங்கல. முதல் துணுக்கோட மெழுகு பிளாக்க வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மறுபடி பாக்கணும்னு எழுதிக் குடுத்தேன். அத யாரு பொதிஞ்சு அனுப்பினது தெரியுமா? அவரேதான். பஞ்சு வச்சு, உடையாம, உன் நம்பர ரெண்டு தடவை சரி பாத்து. எதுக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அன்னையில இருந்து ராத்திரியும் செல்போன நெஞ்சு மேல வச்சுத்தான் தூங்கினேன். ஒரு தப்பு கிடைச்சாப் போதும்னு இருந்துச்சு. தப்புன்னு ஒண்ணு இருந்தா அதப் புடிச்சு உலுக்கலாம்.

இல்லையாம். மெழுகுல இருந்த துணுக்கு தீரப்போற வரைக்கும் நறுக்கிப் பாத்துட்டாங்களாம். குத்தூசி அடி வரைக்கும் போகல, அது நிசம். அன்னைக்கு அதுதான் முடிஞ்சுது. சேட்டன் நேராத்தான் வச்சிருக்கார்.

போன வைக்கிறதுக்கு முன்னால சேட்டன் கேட்டார். "பிளாக்கும் திரும்பி வந்திருக்குடா. நான் அலமாரியில வைக்கட்டோ?"

"வேண்டாம் சேட்டா, நான் வைக்கிறேன்"னேன். எல்லாம் முடிஞ்ச பிறகும் அந்த மெழுகுக்குள்ள உன்னோட ஒரு பொட்டு மிச்சம் இருக்கு. டப்பா வந்த அன்னைக்குத் தொட விடல. நாளைக்கு என் கையால எடுத்து உன் நம்பர் வரிசையில வச்சிருவேன்.

அப்புறம் சேட்டன், "சாயா குடிச்சோ நீ?"ன்னார்.

"நாளைக்கு மத்தியானம் சோத்துக்கு ஒண்ணா உக்காரலாம் சேட்டா"ன்னு சொன்னேன். "மீன் கொண்டு வரேன்"னார்.

நீ கேட்டியே, யாரு தப்பும் இல்லேன்னா என்ன செய்வீங்கன்னு. அடுப்பு பத்த வச்சேன். பால் இல்ல. கட்டஞ்சாயாதான் போட்டேன், நீ செய்யிற மாதிரி கொஞ்சம் சுக்கு தட்டிப் போட்டு. கசக்குது. இருந்தாலும் முழுசாக் குடிச்சிட்டேன். இப்ப உனக்கு இத வாசிக்கப் போறேன். இனி வரவேண்டிய ரிப்போர்ட் ஒண்ணும் பாக்கி இல்ல. போன ஆஃப் பண்ணிட்டேன்.