கீறல் விழாத வரை

பிப்ரவரி 3, சனி

குடவாசலில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும் நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு, கூரை இல்லாத, இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? ஊரே கேட்கிறது. ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் மட்டும் கேட்கவில்லை. நிபந்தனை போட்டார்.

"ஒரு கீறல் விழக்கூடாது ஜோதி. விழுந்தா வித்துடணும்."

சரி என்றேன். மாதா படத்துக்கு முன்னால் நின்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

மொத்த எடை எழுநூறு கிலோகூட இல்லை. எடை குறைந்தால் திருப்பத்தில் ஒட்டிக்கொண்டு போகும், பிரேக் போட்டால் சட்டென்று நிற்கும் என்று பாடம் நடத்துகிற மாதிரி விளக்கினேன். "கூட்ஸ் வண்டி மூவாயிரம் டன்னு. அதுவும் நிக்கும்" என்றார். கார் வந்து இருபது நாளாகிறது, இன்னும் ஏறி உட்காரவில்லை.

மார்ச் 9 கோவையில் டிராக் டே. நம் சொந்தக் காரையே பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பேர் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வேகத்தடையில் காரின் அடிவயிறு தேய்ந்தது. அடிப்பக்கக் கீறல் கணக்கில் வராது.

பிப்ரவரி 10, சனி



சம்பா அறுவடை. ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள். வேகமாகப் போகவில்லை. சரி, போனேன். வளைவு திரும்பியதும் எதிரே நெல். ஏற்றினால் இந்தக் கார் அள்ளிக்கொண்டே போகும். ஒடித்தேன். சக்கரம் மணியில் வழுக்கி, இடது பக்கம் முழுவதும் வாய்க்கால் சரிவில் இறங்கி நின்றது.

நெல்லுக்குச் சொந்தக்காரர் பூவம்மாள். பெண்ணை எங்கள் பள்ளியில் படிக்கவைத்தவர்.

"அடிபட்டுச்சா டீச்சர்?"

"எனக்கில்லங்க. காருக்குத்தான்."

காரைச் சுற்றி வந்து, ஒரு ஓரத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "இவ்ளோதானா கனம்? வாங்கடி, தூக்கிரலாம்."

நெல் துழாவிக்கொண்டிருந்தவர்களும் அவருமாக எட்டுப் பெண்கள் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். எடைக்குறைப்பின் பயனை எந்தப் புத்தகமும் எனக்கு இப்படி விளக்கியதில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு ரவுண்டு என்றார்கள். எட்டுப் பேர், ஒரு சீட். ஒன்பது ரவுண்டு போனேன். பூவம்மாள் மட்டும் இறங்க மறுத்து இரண்டு.

இடது கதவில் முழ நீளத்துக்குக் கீறல்.

வீட்டில் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டேன். பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, புதன்

இன்னும் கேட்கவில்லை. ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்?

பிப்ரவரி 22, வியாழன்

பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால், கார் திரும்பி நிற்கிறது. வலது பக்கம் சுவரோடு ஒட்டி, என் கீறல் பளிச்சென்று வாசலைப் பார்த்து.

தெரிந்துவிட்டது. ஓட்டியிருக்க மாட்டார், ஸ்டியரிங் பக்கம் சுவரோடு இருந்தால் ஆள் எப்படி இறங்குவது? தள்ளியே திருப்பியிருக்கிறார், எனக்குக் காட்டத்தான். திட்டிட்டாகூடப் பரவாயில்லயே. இப்படிப் பேசாம இருந்தா நான் என்னதான் பண்றது?

பிப்ரவரி 23, வெள்ளி

"டீ நல்லாருக்கு" என்றார். பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, சனி

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடுவது என்று காலையில் முடிவெடுத்து, நெட்டில் விற்பனை விளம்பரம் போட்டேன். நாலு பக்கமும் படம் வேண்டுமாம். மூன்று பக்கம் எடுத்துவிட்டு, வலது பக்கத்துக்காகக் காரைச் சுவரிலிருந்து தள்ளினேன்.

பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு சாண் நீளக் கீறல். என்னுடையது இல்லை. அதில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

டூட்டி முடிந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஏங்க, இது என்ன?"

குனிந்து பார்த்தார். "மைல்கல்லு."

"எப்ப?"

"வியாழக்கிழமை. பதினொன்னு நாப்பத்திரெண்டு."

"எங்க?"

"மன்னார்குடி ரோட்டு வளைவுல. நீ சொன்ன மாதிரியே ஒட்டிக்கிட்டுத்தான் போச்சு ஜோதி. நான்தான் லேட்டா திருப்பிட்டேன்."

"அன்னிக்கு எப்படி இறங்குனீங்க?"

"அந்தப் பக்கத்து சீட்டுல தாண்டி."

"மொத்தம் எத்தன நாள் எடுத்தீங்க?"

"ஏழு நாள். நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப என் கீறல்?"

"பன்னெண்டாம் தேதியே பாத்துட்டேன்."

"ஏங்க கேக்கல?"

"கேட்டா விக்கணும்ல."

உள்ளே போய் டீ போட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது வாதாடிக்கொண்டே வந்தார். நிபந்தனை 'ஒரு கீறல்' என்பதுதானாம். இருப்பது இரண்டாம். செல்லாதாம்.

மார்ச் 9, சனி – கோவை

காலையில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். அருள்ஜோதி. அதற்கு நேர் கீழே ரெமிஜியஸ். எனக்குத் தெரியாமல் பேர் கொடுத்திருக்கிறார்.

நான் முதலில் போனேன். ரோட்டில் எப்போதும் மனசு பிரேக்கில்தான் இருக்கும். இங்கே எதிரே பஸ் இல்லை, ஆடு இல்லை, நெல் இல்லை. நாலாவது சுற்றில் ஒரு நீள வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் விட்டுப் பார்த்தேன். வயிறு ஒரு பக்கம் ஒதுங்கியது. கார் ஒதுங்கவில்லை. கத்தியிருக்கிறேன் போல, தொண்டை கட்டிக்கொண்டது. என் வேகமான சுற்று ஒரு நிமிடம் முப்பத்தொரு வினாடி.

அடுத்து இவர். முதல் இரண்டு சுற்று, பிளாட்பாரத்துக்குள் வருகிற பாசஞ்சர் மாதிரி வந்தார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும்தான். மூன்றாவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் இருபத்தெட்டு.

இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். கல்யாணத்தன்றுகூட இவர் முகம் இப்படி இருந்ததில்லை. மூன்று வினாடி. ஏழு நாள் எனக்குத் தெரியாமல் பழகினால் ஏன் வராது? திருச்சி வரை நான் பேசவில்லை. அதற்குப்பின் அந்த நீள வளைவை எப்படி எடுத்தார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தஞ்சாவூர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

மார்ச் 12, செவ்வாய்

சாயங்காலம் என் போன் அடித்தது. கையெல்லாம் மாவு, இவர்தான் எடுத்தார். விளம்பரம் பார்த்துவிட்டு யாரோ. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"கார் வித்துப்போச்சுங்க" என்றார். ரயில் ஒரு நிமிடம் தாமதமானாலும் அப்படியே எழுதிவைக்கிற மனிதர். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள். "ஆமாங்க, உள்ளூர்லதான். நல்லா வச்சுக்குவாங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "விளம்பரத்த எடுத்துரு ஜோதி. என்னால தினம் பொய் சொல்ல முடியாது."

எடுத்துவிட்டேன்.