விழுங்காத மாத்திரை

மார்ச் 3

எனக்கு எழுத்து வராது. நான் பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்கிறது, மகன் பழக்கிவிட்டான். மருமகளுக்குக் கால் எப்படி இருக்கிறதென்று தினமும் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறான். அவன் லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

மருமகளுக்கு எம்.எஸ். நரம்பைத் தின்கிற நோய். கால் தசை இறுகி மரக்கட்டையாக விறைத்துவிடும். அதற்குத்தான் பேக்லோஃபென் மாத்திரை, மூன்று வேளையும். போன மாதம் டாக்டர் அளவைக் கூட்டினார். கால் இளகியது, கூடவே ஆளும் இளகிவிட்டாள். உட்கார்ந்தபடியே, காதில் ஹெட்போனோடு தூங்கி விழுகிறாள். வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே கேட்டுப் பதில் சொல்லும் வேலை. தூங்கினால் யார் வைத்துக்கொள்வார்கள்?

மார்ச் 4

மேலாளர் அம்மா கேட்டாளாம்: "என்னம்மா, குரல்லயே கொட்டாவி கேக்குது?" வெள்ளிக்கிழமை இவள் பேசுவதை ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார்களாம். தேறாவிட்டால் வீட்டுக்குப் போ என்பார்களாம்.

"ஏற்கெனவே வீட்டுலதானே மாமா இருக்கேன்" என்று சிரித்தாள். சோற்றைத் தொடவில்லை.

மார்ச் 6

இன்று பளிச்சென்று பேசினாள். ஒரு ஆள் போனில் கத்தித் தீர்த்தார். மைக்கை அமுக்கிவிட்டு என்னிடம், "மாமா, மெஷினைவிட இந்த ஆளுதான் அதிகமா ஆடுறாரு" என்றாள்.

மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது போல. அப்பாடா.

அப்பாடாவா? முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டே ஏன் பேசுகிறாள்? நான் பார்த்ததும் போர்வையை இழுத்துவிட்டாளே?

மார்ச் 7

மேசையைத் துடைக்கும்போது பேனாக் குவளை சாய்ந்தது. பேனாக்களோடு மாத்திரைகளும் உருண்டன. ஒரு வேளை மாத்திரை இல்லை, எல்லா வேளை மாத்திரையும்.

நான்தான் கையில் கொடுத்தேன், நான்தான் தண்ணீர் கொடுத்தேன். விழுங்கினாளா என்று மட்டும் பார்க்கவில்லை. மருமகள் அண்ணாந்து குடிப்பதை மாமனார் நின்று பார்ப்பதா என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என்னிடம் வேண்டாம் என்று சொல்லக் கூசி, அவளும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கிறாள். இருவர் மரியாதையும் சேர்ந்து பார்த்த வேலை இது.

"நாளைக்கு ஒரு நாள்தான் மாமா. மார்க் போட்டதும் முழுங்கிடுறேன். அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

முதன்முதலில் இந்த மாத்திரையை எழுதியபோது டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க. வலிப்பு வரும், புத்தி தடுமாறும்." அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்துமா?

சரி என்று தலையாட்டிவிட்டேன். எந்தத் தைரியத்தில் ஆட்டினேன்?

மார்ச் 8

ஆஸ்பத்திரி வராந்தா.

ஒட்டுக்கேக்க ஆள் வர்றதுக்குள்ளேயே ரெண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கிச்சு. உடம்பு அனல். "மாமா, சுவரெல்லாம் பூச்சி" என்கிறா. வெள்ளைச் சுவர் - ஒண்ணுமே இல்ல. நாற்காலியிலிருந்து சரிஞ்சா. பாதத்தைப் பிடிக்கப் போனேன். "ஐயோ, நீங்க போய் என் காலைத் தொடாதீங்க!" புத்தி தடுமாறியும் அது மட்டும் தடுமாறல. "சும்மா கிட கழுதை"ன்னு அதட்டிப் பிடிச்சேன். காலமெல்லாம் மூட்டை சுமந்தவன், ஒரு காலைப் பிரிக்க முடியலையே!

நேத்தே டாக்டரைக் கூப்பிட்டிருக்கணும். நேத்தே.

மார்ச் 9

கண் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 10

மகன் வந்துவிட்டான். என்மேல் பாய்வான் என்று நினைத்தேன். "ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?" என்றான். பாய்ந்திருந்தாலே தேவலை.

டாக்டர் அவளிடம், "தூக்கம் வருதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனேம்மா" என்றார். பழைய மாத்திரையையே மறுபடி ஆரம்பித்திருக்கிறார். உடம்பு நிலைக்கு வந்ததும் பகல் அளவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாராம். கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி தினமும் செய்ய வேண்டும். "முழுசா இளகவும் வேணாம். கொஞ்சம் விறைப்பு இருந்தாத்தான் உங்களால எழுந்து நிக்க முடியும்."

சொல்லியிருந்தால். இவள் டாக்டரிடம், நான் மகனிடம். யார் வாயை யார் கட்டினார்கள்?

மார்ச் 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். இத்தனை நாள் மறைத்த நோயை மேலாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். போன் அடித்தால் அவளுக்கு முன்னால் நான் எழுந்துவிடுகிறேன்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன். விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்தாள்.

"நாக்குக்கு அடியிலயும் பாத்துக்கோங்க, இன்ஸ்பெக்டர் மாமா."

மார்ச் 18

வேலை இருக்கிறதாம். மதியம் படுத்துக்கொள்ளலாம்; அதைச் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டும். மார்க் போடுவதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். "தேறிடுவியாம்மா?" என்றேன்.

"இன்னும் ஒரு மாசம் பயப்படலாம் மாமா, சந்தோஷந்தானே?"

ஏப்ரல் 2

பகல் அளவைக் குறைத்தாயிற்று. காலையில் இரண்டு முறை கால் விறைத்தது. அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை.

மதியம் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கதவைச் சாத்தும்போது உள்ளே அவள் யாருக்கோ மெஷின் குழாயைக் கழற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சலூன் நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் முடிவெட்டுகிறவர் தோளைத் தட்டி எழுப்பினார்.

"பெரியவரே, வெட்டி முடிச்சு ரொம்ப நேரமாச்சு. நல்லாத் தூங்கினீங்க."