தொடாமல் போட்ட போன்

அக்கா,

அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்து, அடுப்பை அணைத்து, குளியலறைக் கதவை நெம்பித் திறந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாய். நடந்தது உனக்குத் தெரிய வேண்டாமா?

தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. அடுப்பில் பால். வெளியே நாலு வயதுக்காரி தனியாக. என் போன் சாப்பாட்டு மேசையில். உள்ளேயிருந்து கதவைத் தட்டிக் கத்தினேன்.

"அடுப்புப் பக்கம் போகாதே கண்ணு!"

"போகலம்மா. பெரியம்மாவ வரச் சொல்லட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள், கடைக்காரரை அதட்டுகிற தோரணையில் உத்தரவு போட்டாள்: "பெரியம்மாவுக்குப் போன் போடு!" போனும் அடங்கி ஒடுங்கிப் போட்டது. "ஹலோ" என்று உன் குரல் கேட்டதும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு! "அம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க, ஓடி வா" என்று மீதியையும் அவளே உன்னிடம் சொன்னாள்.

நீ போனபின் மிரட்டினேன். "போனைத் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் எங்கம்மா தொட்டேன்? சும்மா சொன்னேன். நீ பாத்திரம் கழுவறப்ப சொல்வியே, அது மாதிரி."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அக்கா. என்ன பிள்ளை பெற்றிருக்கிறேன் பார்!

அவள் பிறந்தநாளுக்கு நீ கொடுத்த டேப்லெட்டை, பிள்ளை கெட்டுவிடும் என்று உன் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேனே, அதை நீ யாருக்கும் கொடுத்திருக்க மாட்டாய். எடுத்துக்கொண்டு வா.

நாளைக் காலை உனக்குப் போன் வரும். இந்த முறை நான்தான் பேசுவேன்.

உன் தங்கை