காதுக்கு இரண்டு நாள் லீவு

வாத்தியாரே,

நீங்கள் எழுந்திருக்கும்போது நான் பஸ்ஸில் பாதி தூரம் போயிருப்பேன். கடலோரத்துக் கோட்டை ஊருக்குத்தான், தனியாக. ஞாயிறு ராத்திரி வந்துவிடுவேன். கோபித்துக்கொண்டு போகவில்லை, என் காதுக்கு லீவு கொடுக்கப் போகிறேன். போன தடவை கோட்டை வாசலிலேயே வரலாற்றுப் பாடத்தை ஆரம்பித்தீர்கள். முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கடலில் நான் கால்கூட நனைக்கவில்லை. பள்ளிக்கூடத்திலாவது மணி அடிக்கிறார்கள், நம் வீட்டில் அதுவும் இல்லை.

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணினால் போதும். இன்னொரு சாவி மாடிவீட்டு அக்காவிடம்.

குழாய் ரிப்பேர்காரர் காலையில் வருவார். அவரிடம் குழாய் எந்த ராஜா காலத்தில் வந்தது என்று தொடங்கிவிடாதீர்கள். போன வாரம், "ஸ்பானர் வண்டில இருக்கு சார், எடுத்துட்டு வந்துடறேன்" என்று போன மனிதர், போனவர்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

"தனியா போய் அங்க என்னதான் பண்ணுவே?" என்று நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டீர்களே. சும்மா இருப்பேன். யாரும் எதையும் விளக்காமல் கடலைப் பார்ப்பேன்.

உங்கள் பெண்டாட்டி,
கடைசி பெஞ்சு

பி.கு: இன்று சாயங்காலம் போன் பண்ணுவேன். அந்தக் கோட்டையை யார் கட்டினார்கள்? மறந்துவிடவில்லை, அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. இரண்டே வரியில் சொல்லுங்கள். மூன்றாவது வரி வந்தால் போனை வைத்துவிடுவேன்.

வைக்காவிட்டால், பேசிக்கொண்டே இருங்கள்.