ஹீட்டர்காரர் காலையில் மறுபடி வருவார்

தங்கச்சி,

நைட் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. என் மேலுள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதே.

நேற்று ஹீட்டர்காரரிடம் போனில், "தம்பி இருப்பான், கதவைத் திறப்பான்" என்று சொன்னது நான்தான். நீ தம்பி இல்லை, தங்கச்சி என்று சொன்ன நாளிலிருந்து வீட்டுக்குள் உன்னை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். வெளியாளிடம் மட்டும் பழையபடி சொல்லிவிடுகிறேன், கேள்வி வராதே என்று. பாதி வேலை முடிந்ததும் அவர் போன் பண்ணி, "மீதிக்கு மறுபடி வரணும். உங்க தம்பி நல்லா டார்ச் பிடிச்சாருங்க" என்றார். அவ்வளவு நேரமும் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டிருப்பார். நீ என்னைத் திட்டக்கூட இல்லை.

நான் காலேஜைப் பாதியில் விட்டபோது, கேட்டவர்களிடமெல்லாம் "அண்ணன் வேலைக்குப் போறார்" என்று நிமிர்ந்து சொன்னவள் நீ.

இன்று அவரைக் கூப்பிட்டேன். "அது தம்பி இல்லைங்க, தங்கச்சி. தப்பா சொல்லிட்டேன்." வேறு எதுவும் சொல்லவில்லை, மீதி உன் இஷ்டம். "சரிங்க, தங்கச்சிகிட்ட காலையில வர்றேன்னு சொல்லிடுங்க" என்றார். இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

அவருக்குக் கதவைத் திறக்க மனமில்லை என்றால் திறக்காதே. சாவி என்னிடம் இருக்கிறது, நான் வந்து திறக்கிறேன்.

அண்ணன்

பி.கு.: "தூக்கக் கலக்கத்துல சொன்னீங்களா?" என்று அவர் சிரித்தார். ஆமாம் என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. தம்பி என்று நன்றாக விழித்துக்கொண்டுதான் சொன்னேன்.